மலையிலிருந்து இறங்கிய பனிவண்டி

மினசோட்டா பக்கம் ஜனவரியில ஏரியெல்லாம் உறைஞ்சு கல்லு மாதிரி கிடக்கும். அது மேல ஸ்நோமொபைல் ஓட்டுறவங்ககிட்ட திரும்பத் திரும்பக் கேட்கக்கூடிய கதை ஒண்ணு உண்டு. ஆள் யாருன்னு இருக்காது, ஊர் பேரும் மாறும், கதை மட்டும் அதேதான். ஒருத்தர் கொலராடோவிலிருந்து மலிவா ஒரு மலை ஸ்நோமொபைல் வாங்கி ட்ரெய்லர்ல ஏத்திக் கொண்டு வருவார். மறுநாள் காலையில ஏரியில இறக்கி முழு ஆக்ஸிலேட்டர் கொடுப்பார். வண்டி பறக்கும். "இவ்ளோ நல்ல வண்டியை எதுக்குய்யா வித்தான்?"னு அவர் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள இன்ஜின் கப்புனு நின்னுடும். பிரிச்சுப் பார்த்தா பிஸ்டன் தலையில ஓட்டை.

வித்தவர் ஏமாத்தல. வண்டியிலயும் குறை கிடையாது. காற்றுதான் மாறிடுச்சு.

ஸ்நோமொபைலைப் படத்துல மட்டும் பார்த்தவங்களுக்கு: முன்னாடி ரெண்டு ஸ்கீ, பின்னாடி டாங்க் மாதிரி சுத்துற ஒரே ஒரு அகலமான ரப்பர் பட்டை (ட்ராக்), நடுவுல பைக் மாதிரி சீட்டும் ஹேண்டில்பாரும். அவ்ளோதான் வண்டி. இதுல மலைக்குன்னு தனி ஜாதி, சமவெளிக்குன்னு தனி ஜாதி எப்படி வந்துச்சு, மலைவண்டியை கீழே இறக்கினா ஏன் இத்தனை பாகத்தை மாத்த வேண்டியிருக்குங்கறதுதான் இந்தப் பதிவு. வேடிக்கை என்னன்னா, இந்த வண்டி பிறந்ததே கீழேதான்.

அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல சேய்னர்னு ஒரு சின்ன ஊர். அங்கே கார்ல் எலியாசன்னு ஒருத்தர். கால் பாதத்துல குறை இருந்ததால வேட்டைக்குப் போற நண்பர்களோட பனியில நடந்து ஈடுகொடுக்க முடியல. 1924-ல ஒரு நீளமான சறுக்குப் பலகையில சின்ன இன்ஜினை மாட்டி ஒரு வண்டி செஞ்சார். 1927-ல காப்புரிமை கிடைச்சது.

அதே காலத்துல எல்லைக்கு அந்தப் பக்கம், கனடாவோட கியூபெக் மாகாணத்துல வால்கூர் கிராமம். ஜோசப் அர்மாண்ட் பம்பார்டியே, 1907-ல பிறந்தவர். 1922 கடைசியில, 15 வயசுல, பழைய ஃபோர்டு மாடல் டி இன்ஜினை ஒரு சறுக்குவண்டியில கட்டி, பின்னாடி மரத்தால ஒரு விமான விசிறியை மாட்டி ஊருக்குள்ள ஓட்டிட்டார். விசிறிக்குத் தடுப்பு கூட கிடையாது. அப்பா பார்த்துட்டு உடனே பிரிச்சுப் போடச் சொன்னார். (நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.) 1926-ல பையன் சொந்தமா ஒரு கராஜ் ஆரம்பிச்சான். கோடையில கார் ரிப்பேர், குளிர்காலத்துல பனிவண்டி பரிசோதனை.

1934 குளிர்காலத்துல அவரோட ரெண்டு வயசு மகன் ஈவோனுக்கு குடல்வால் பிரச்னை முத்தி வயித்துக்குள்ள சீழ் வெச்சுடுச்சு. ஆஸ்பத்திரி தூரம். சாலையெல்லாம் பனி மூடிக் கிடந்தது. அவர் பரிசோதனை பண்ணிட்டிருந்த வண்டி எதுவும் ஓடுற நிலைமையில இல்லை. குழந்தை இறந்துபோச்சு.

பம்பார்டியே பத்தி எழுதுறவங்க எல்லாரும் இந்த இடத்தைச் சொல்லாம விடறதில்லை. நான் கொஞ்சம் வேற மாதிரி பார்க்கிறேன். மகன் போனதுக்கு அப்புறம்தான் கண்டுபிடிக்கவே ஆரம்பிச்சார்னு இல்ல, அதுக்கு முன்னாடியே பத்து வருஷத்துக்கு மேல மல்லுக்கட்டிட்டுதான் இருந்தார். கையில பாதி முடிஞ்ச வண்டியை வெச்சுக்கிட்டு அந்த ராத்திரியை அவர் எப்படிக் கழிச்சிருப்பார்ங்கறதுதான் எனக்கு நெஞ்சை அடைக்கிற விஷயம். அடுத்த வருஷமே, 1935-ல, ரப்பர் பூசின பல்சக்கரமும் அதைச் சுத்தி ஓடுற பட்டையுமா ஒரு அமைப்பைத் தேத்தினார். 1937-ல காப்புரிமை. அதை வெச்சு 7 பேர் உட்காரக்கூடிய பி7, அதுக்கப்புறம் 12 பேருக்கான பி12. ரெண்டும் மூடின வண்டி, பார்க்க பஸ் மாதிரி இருக்கும். ஆம்புலன்ஸ், பள்ளிக்கூட வண்டி, தபால் வண்டி, டாக்டரோட வண்டின்னு கியூபெக் கிராமங்கள்ல ஓடிச்சு.

1948-ல கியூபெக் அரசு கிராமச் சாலைகள்லயும் பனியை அள்ளணும்னு முடிவு எடுத்தது. ஜனங்களுக்கு நல்லது, பம்பார்டியே வியாபாரத்துக்கு அடி. மனுஷன் காடு, சதுப்பு நிலத்துக்கான ட்ராக்டர் பக்கம் போனார். அப்புறம் 1959-ல, சின்ன இன்ஜின்கள் கிடைக்க ஆரம்பிச்ச பிறகு, ஒரு ஆள், ரெண்டு ஆள் ஏறக்கூடிய 'ஸ்கீ-டூ' வந்தது. பட்டையை ஒரே துண்டு ரப்பர்ல செய்யற வழியை மகன் ஜெர்மேன் கண்டுபிடிச்சுக் கொடுத்தார். நாய் இழுக்கிற வண்டிக்குப் பதில்ங்கறதால 'ஸ்கீ-டாக்'னு வைக்க நினைச்ச பேரு அச்சுப்பிழையால மாறிடுச்சுன்னு ஒரு கதை இருக்கு. நிஜமோ பொய்யோ, கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆரம்பத்துல ஒரு வண்டி ஒன்டாரியோவோட வடக்குக் காட்டுல இருந்த ஒரு பாதிரியாருக்குப் போச்சு. வேலைக்கான வண்டியாத்தான் அவர் அதை நினைச்சார். ஜனங்க விளையாட்டுக்கு எடுத்துக்கிட்டாங்க. 1964-ல, 56 வயசுல பம்பார்டியே இறந்துட்டார்.

மினசோட்டாவோட ரோசோ ஊர்க்காரங்க இன்னொரு பக்கம். 1956-ல டேவிட் ஜான்சன்ங்கறவர், முதலாளி எட்கர் ஹெட்டீன் ஊர்ல இல்லாத நேரமாப் பார்த்து ஒரு வண்டி கட்டினார். ஸ்கீக்கு பழைய ஷெவர்லே காரோட பம்பர். கம்பெனிக்குக் காசு முடையா இருந்ததால அதை உடனே வித்தும் ஆச்சு. அந்தக் கம்பெனிதான் போலாரிஸ். 1960-ல ஹெட்டீன் அலாஸ்காவுல பெத்தல்லேர்ந்து ஃபேர்பேங்க்ஸ் வரைக்கும் ஆயிரம் மைலுக்கு மேல இந்த வண்டியிலயே போய்க் காட்டினார். வீட்டுக்கு வந்தா, வேலையை விட்டுட்டு ஊர் சுத்தினதா கம்பெனிக்குள்ள கசமுசா. பங்கை வித்துட்டு வெளியேறி தீஃப் ரிவர் ஃபால்ஸ்ல ஆர்க்டிக் கேட்டை ஆரம்பிச்சார். 1970-71 சீசன்ல வட அமெரிக்காவுல ஏறத்தாழ 5 லட்சம் ஸ்நோமொபைல் வித்துது. நூத்துக்கும் மேல கம்பெனி. அப்புறம் 1973 பெட்ரோல் நெருக்கடி வந்து பாதிப் பேரைக் காலி பண்ணிடுச்சு.

வால்கூர், சேய்னர், ரோசோ மூணுமே கடல் மட்டத்துலேர்ந்து சில நூறு மீட்டர் உயரத்துல இருக்கிற ஊருங்க. கெட்டியான காற்று, கடுங்குளிர், தட்டையான பனி. இன்ஜினைத் தேர்ந்தெடுத்ததும் கார்புரேட்டரை டியூன் பண்ணினதும் இந்தக் காற்றுல.

மலைக்குப் போனப்பதான் வினை ஆரம்பிச்சது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுல 1955-லயே பம்பார்டியேவோட மூடின பனிவண்டிகள் பயணிகளை ஏத்திட்டுப் போச்சு. 1963-ல தனியார் ஸ்நோமொபைல்களும் நுழைஞ்சது. அங்கே சாலையே பெரும்பாலும் 2,200 மீட்டருக்கு மேல. கொலராடோ, வயோமிங் மலைகள்ல சர்வசாதாரணமா 10,000 அடி வரும். அந்த உயரத்துல காற்றோட அடர்த்தி கடல்மட்டத்துல இருக்கிறதுல 74 சதவீதம்தான். இன்ஜினுக்கு மூச்சு முட்டும். 1,000 அடிக்கு 3 சதவீதம் சக்தி போகும்னு கணக்கு வெச்சுக்கிட்டா, 150 குதிரைசக்தி இன்ஜின் அங்கே 105-தான் கொடுக்கும்.

இது ஸ்நோமொபைல்காரங்க கண்டுபிடிச்ச பிரச்னை இல்ல. விமானக்காரங்க முன்னாடியே அனுபவிச்சது. 1918-ல ஜெனரல் எலக்ட்ரிக்கோட சான்ஃபோர்ட் மாஸ், கொலராடோவுல 14,000 அடிக்கு மேல இருக்கிற பைக்ஸ் பீக் உச்சிக்கு ஒரு லிபர்ட்டி விமான இன்ஜினைக் கொண்டு போனார். கீழே 350 குதிரைசக்தி கொடுத்தது மேல சுமார் 230-க்கு இறங்கிடுச்சு. டர்போசார்ஜரை மாட்டினதும் திரும்ப 350-ஐத் தொட்டுது. இந்த டர்போவை ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வரும்.

ஸ்நோமொபைல்காரங்க கையில டர்போ இல்ல, ஸ்பானர்தான் இருந்தது. முதல் வேலை, ஜெட்டைச் சின்னதாக்கறது. பழைய ஆர்எக்ஸ் 100 வெச்சிருந்தவங்களுக்கு மிக்குனி கார்புரேட்டர் பழக்கமா இருக்கும். அதுக்குள்ள பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகுதான் ஜெட். மேல காற்று கம்மி, அதனால பெட்ரோலும் கம்மியா வேணும். இல்லன்னா பிளக் கரி பிடிச்சு வண்டி இருமிட்டே இருக்கும்.

ரெண்டாவது, பட்டை நீளம். சமவெளி வண்டிக்கு 121 இன்ச் பட்டை போதும். ஆளை முழுங்கற பஞ்சுப் பனியில அது புதையும். மலைக்காரங்க நீட்டிக்கிட்டே போனாங்க: 136, 144, 151, 163, இப்ப 170-ஐயும் தாண்டியாச்சு. பட்டையில இருக்கிற ரப்பர் பல்லும் ஒரு இன்ச்லேர்ந்து ரெண்டு, ரெண்டரை, மூணு இன்ச்னு வளர்ந்தது. சரிவுல வண்டியைச் சாய்ச்சு ஓட்டணுமேன்னு ரெண்டு ஸ்கீக்கும் நடுவுல இடைவெளியைக் குறைச்சாங்க. கனத்தைக் குறைக்க கழட்ட முடிஞ்சதையெல்லாம் கழட்டினாங்க. ஆரம்பத்துல இதெல்லாம் கராஜ்ல நடந்த வெட்டு ஒட்டு. 1990-கள்ல கம்பெனிகளே செய்ய ஆரம்பிச்சாங்க. ஸ்கீ-டூவோட சம்மிட் 1994-ல வந்தது. போலாரிஸ் ஆர்எம்கே, யமஹா மவுண்டன் மேக்ஸ் எல்லாம் அதே பத்தாண்டு. (ஆர்எம்கேன்னா 'ராக்கி மலை ராஜா'வாம். பேர் வைக்கிறதுல நம்ம சினிமாக்காரங்களுக்குச் சளைச்சவங்க இல்ல.) வண்டிக்குப் பலம் கூடக்கூட இன்னும் செங்குத்தான சரிவுல ஏறினாங்க, பனிச்சரிவுல மாட்டி உயிர்விட்டவங்களும் இருக்காங்க. அது தனிப் பதிவுக்கான சோகம்.

சரி, இப்ப வண்டியை இறக்குவோம்.

ஏரியில ஏன் பிஸ்டன் ஓட்டையாச்சு? உயரம் மட்டும் கணக்கு இல்ல, குளிரும் சேர்ந்துக்கும். 10,000 அடி மலையில மைனஸ் 5 டிகிரின்னா ஒரு கனமீட்டர் காற்று சுமார் 0.9 கிலோ. 300 மீட்டர் உயரத்துல இருக்கிற ஏரியில மைனஸ் 30 டிகிரின்னா 1.4 கிலோ. அதாவது காற்று 55 சதவீதம் அதிகம்! அப்ப பெட்ரோலும் 55 சதவீதம் கூடணும் இல்லையா? கார்புரேட்டர் அப்படி வேலை செய்யாது. காற்று வேகமாப் போறப்ப உண்டாகிற உறிஞ்சல்தான் பெட்ரோலை இழுக்குது. பெட்ரோல் வர்ற அளவு அந்த உறிஞ்சலோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 1.55-க்கு வர்க்கமூலம் எடுத்தா 1.245. ஆக காற்று 55 சதவீதம் கூடினா பெட்ரோல் 25 சதவீதம்கூடக் கூடறதில்லை. கலவையில 20 சதவீதம் பெட்ரோல் பற்றாக்குறை. ஒரு சர்வருக்குன்னு இழைச்சு இழைச்சு செட் பண்ணின கான்ஃபிகரேஷன் ஃபைலை அப்படியே இன்னொரு சர்வர்ல தூக்கிப் போட்டா என்ன ஆகும்னு எங்க ஆளுங்களைக் கேளுங்க, கண்ணீர் விட்டுச் சொல்வாங்க. இங்கே எர்ரர் மெசேஜ் கூட வராது.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்ல முழு ஆக்ஸிலேட்டர்ல கொஞ்சம் கூடுதலா வர்ற பெட்ரோல்தான் பிஸ்டனைக் குளிர வைக்குது. அது குறைஞ்சா சூடு ஏறும், கலவை தன்னிஷ்டத்துக்கு வெடிக்க ஆரம்பிக்கும், அலுமினிய பிஸ்டன் தாங்காது. பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஊத்துற பழைய வண்டின்னா ஆயிலும் சேர்ந்து குறையும். இதுல கொடுமை, பெட்ரோல் குறைஞ்ச இன்ஜின் சாகறதுக்கு முன்னாடி ரொம்ப ஜோரா ஓடும். அதான் ஏரிக்காரர் அசந்துபோனது. இன்னொரு வில்லனும் உண்டு. ராக்கி மலைப் பக்கம் சில மாநிலங்கள்ல 85 ஆக்டேன் பெட்ரோல் சகஜமா விக்கும், அந்த மெல்லிசுக் காற்றுல அது போதும். இன்ஜினுக்கு சக்தி கூட்ட கம்ப்ரெஷனை ஏத்தி வெச்சிருந்தா, அதே பெட்ரோலை டாங்க்ல வெச்சுட்டு கீழே வந்து முறுக்கக் கூடாது.

அதனால முதல் வேலை பெரிய மெயின் ஜெட். எந்த உயரத்துக்கு, எந்தக் குளிருக்கு எந்த நம்பர்னு வண்டியிலயே ஒரு அட்டவணை ஒட்டியிருப்பாங்க. அப்புறம் ஓட்டிப் பார்த்து பிளக்கைக் கழட்டிப் பார்க்கணும். இளம் பழுப்புன்னா நிம்மதி, வெள்ளைன்னா ஆபத்து. இதுல கஞ்சத்தனம் பண்றதை என்னால ஏத்துக்க முடியல. பெட்ரோல் கூடினா புகைதான் வரும், குறைஞ்சா இன்ஜினே போயிடும். மைனஸ் 30-ல, சாலையிலேர்ந்து பல மைல் தள்ளி இன்ஜின் நின்னா போறது காசு மட்டும் இல்ல.

ஜெட்டை மாத்திட்டு வேலை முடிஞ்சதுன்னு கிளம்பறவங்கதான் அதிகம். கிளட்சை யாரும் கண்டுக்கறதில்லை. நம்ம ஊர் கியர்லெஸ் ஸ்கூட்டர்ல இருக்கிற அதே தத்துவம்தான்: ரெண்டு கப்பி, நடுவுல ஒரு ரப்பர் பெல்ட். இன்ஜின் பக்கக் கப்பிக்குள்ள சின்ன எடைகள் சுத்தும், வேகம் கூடினா வெளியே விரிஞ்சு கப்பியை இறுக்கி கியரை மாத்தும். இந்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்கள்ல நிறைய, நிமிஷத்துக்கு 8,000 சுத்துக்குப் பக்கத்துல ஒரு குறுகின இடத்துலதான் முழு பலத்தையும் கொடுக்கும். அங்கேயே பிடிச்சு நிறுத்தறது அந்த எடையோட வேலை. மலையில இன்ஜினுக்குப் பலம் கம்மி, அதனால லேசான எடை போட்டிருப்பாங்க. கீழே வந்ததும் இன்ஜின் முழு மூச்சு விட, லேசான எடையால அதைப் பிடிக்க முடியாது. சுத்து எகிறி அந்தக் குறுகின இடத்தைத் தாண்டிப் போயிடும். சத்தம் பிரமாதமா இருக்கும், வேகம் இருக்காது. கனமான எடை, தேவைப்பட்டா வேற ஸ்பிரிங். செயின் பெட்டிக்குள்ள மலைக்குன்னு இழுவைக்கு வெச்ச பல்சக்கரத்தையும் வேகத்துக்கு ஏத்த மாதிரி மாத்தணும்.

அடுத்தது பனி. இந்த வண்டிகளுக்கு ரேடியேட்டர் காற்றுல இருக்காது, பட்டைக்கு மேல இருக்கிற கூண்டுல ஒட்டியிருக்கும். பட்டை வாரி அடிக்கிற பனிதான் அதைக் குளிர வைக்கிறது. பட்டை உள்ள வழுக்கி ஓடற பிளாஸ்டிக் பட்டிகளுக்கும் அந்தப் பனிதான் எண்ணெய். மலையில கழுத்து வரைக்கும் பனி, கவலையே இல்லை. ஏரியில கண்ணாடி மாதிரி ஐஸ், வாரி அடிக்க ஒண்ணும் கிடையாது. சுத்திலும் மைனஸ் 30, நடுவுல இன்ஜின் கொதிக்கும்! பிளாஸ்டிக் உருகி ஒட்டும். இதுக்கு 'ஐஸ் ஸ்க்ராட்ச்சர்'னு ஒரு எளிமையான வைத்தியம் இருக்கு. பட்டை தண்டவாளத்துல மாட்டுற ரெண்டு ஸ்பிரிங் கம்பி. ஐஸைக் கீறிக்கிட்டே வரும், தூள் பறந்து உள்ளே போகும். மொத்த விஷயத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். கூடவே உள்சக்கரங்களை அதிகமாக்குவாங்க.

மூணு இன்ச் பல் வெச்ச பட்டையைக் கெட்டித் தரையில வேகமா ஓட்டினா பல் வளைஞ்சு வளைஞ்சு சூடாகி பிய்ச்சுக்கும். கம்பெனி கையேட்டுலயே எச்சரிக்கை இருக்கும். நிறைய ஓட்டறவங்க குட்டைப் பல் பட்டைக்கு மாறிடறாங்க. ஸ்கீயை அகலமா நிறுத்தி, அடியில இருக்கிற கார்பைட் கத்தியை நீளமாக்கி, முன்பக்கம் தூக்காம இருக்க சஸ்பென்ஷன்ல இருக்கிற வாரை இறுக்கினா வளைவுல கவிழாம போகும். மலைக்காகச் செஞ்சது ஒவ்வொண்ணையும் இங்கே வரிசையா திருப்பிச் செய்ய வேண்டியிருக்கு.

1990 வாக்குலயே பெட்ரோல் இன்ஜெக்ஷன் எட்டிப் பார்த்தது. சென்சார் காற்றழுத்தத்தையும் குளிரையும் அளந்து பெட்ரோலைத் தானே சரிபண்ணிக்கும். ஜெட் தொல்லை ஒழிஞ்சது. அப்புறம் மாஸ் வேலை செஞ்ச பைக்ஸ் பீக்குக்கு நூறு வருஷம் கழிச்சு, 2020 மாடலா ஸ்கீ-டூ, கம்பெனியிலேயே டர்போ வெச்ச டூ-ஸ்ட்ரோக் வண்டியைக் கொண்டுவந்தது. 8,000 அடி வரைக்கும் அதே 165 குதிரைசக்தி. 2022 மாடல்ல போலாரிஸும் டர்போ கொண்டுவந்தது. இதுக்கு நடுவுல, 1968-ல உள்ளே வந்த யமஹா 2023-ல இந்தத் தொழிலை விட்டு விலகறதா அறிவிச்சிடுச்சு.

ஆனா கம்ப்யூட்டருக்கு பெட்ரோலைத்தான் மாத்தத் தெரியும். கிளட்ச் எடையை அது தூக்கிப் போடாது, மூணு இன்ச் பல்லைச் சீவாது, ஐஸைக் கீறாது. கார்புரேட்டர் வெச்ச பழைய சம்மிட்டும் ஆர்எம்கேயும் மேற்கேயிருந்து கிழக்கே விலைக்கு வந்துக்கிட்டுத்தான் இருக்கு. அதை வாங்கறவர் விலை பேசறதோட, கழட்டி வெச்ச பழைய ஜெட்டும் கிளட்ச் எடையும் இருக்கான்னு வித்தவர்கிட்ட கேட்டு வாங்கிக்கறது நல்லது. பெரும்பாலும் ஏதாவது ஒரு பழைய டப்பாவுலயோ உறையிலயோ போட்டு கராஜ் அலமாரியில வெச்சிருப்பாங்க.